மட்டக்கோலில் மூன்று சென்டிமீட்டர்

28 வருடம் ஒரே ஓடையை அளந்தேன். அதில் 4 வருடக் கணக்கு தப்பு. தப்பைக் கண்டுபிடித்தது நானில்லை. கட்டாயப் பாடம் என்பதால் மட்டும் என் வகுப்பில் வந்து உட்கார்ந்த ஒரு முதலாண்டு மாணவி. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்குமுன் என் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டாருக்கே அது இன்றுவரை பிடிபடவில்லை. "ஓடையைப் பற்றிப் படிக்கிறாய், சரி. அதில் இத்தனை வருடம் படிக்க என்ன இருக்கிறது?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஓடையில் ஏதாவது ஓர் இடத்தில் போய் நில்லுங்கள். எங்கெங்கே விழும் மழை கடைசியில் உங்கள் காலைத் தாண்டிப் போகுமோ, அந்த நிலம் முழுவதும் அந்த இடத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி. பத்தடி கீழே நகர்ந்தால் நிலம் கொஞ்சம் பெரிதாகும். துணையோடை ஒன்று வந்து சேரும் இடத்தைத் தாண்டினால் திடீரென்று இரண்டு மடங்கானாலும் ஆகும். இதன் எல்லையை எந்த அலுவலகமும் போடவில்லை, மேட்டின் முதுகு போட்டிருக்கிறது. முதுகுக்கு இந்தப் பக்கம் விழும் துளி இந்த ஓடைக்கு, அந்தப் பக்கம் விழுவது வேறொன்றுக்கு. அந்த எல்லைக்குள் விழுந்த மழை எவ்வளவு, ஓடையாக வெளியே போனது எவ்வளவு, இலையும் மண்ணும் ஆவியாக அனுப்பியது எவ்வளவு, நிலத்துக்குள் தங்கியது எவ்வளவு என்று வரவு செலவு எழுதுவதுதான் என் தொழில். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். எனவே சின்னப் பிழையும் சின்னதாக இருக்காது.

வரவு செலவு என்று சும்மா சொல்லவில்லை. இந்தக் கணக்கை முதன்முதலில் ஓர் ஆற்றுக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவரான பியர் பெரோ, பிரான்சில் வரிப்பணம் பார்த்த அதிகாரி. கடன் சிக்கலில் பதவி போயிற்று. பதவி போனவர் 1674இல் ஊற்றுகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். சேன் ஆற்றின் தலைப்பகுதியில் ஒரு வருடத்தில் விழும் மழையை ஒரு பக்கமும், ஆற்றில் போகும் நீரை மறுபக்கமும் வைத்தார். மழை ஏறக்குறைய 6 மடங்கு அதிகம். அதுவரை படித்தவர்களில் பலர், மழை மட்டும் ஆறுகளுக்குப் போதாது, கடல்நீர் பூமிக்கடியில் ஏறிவந்து ஊற்றாக வெளிப்படுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையை ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்துவைத்துச் சாய்த்தார். (அவருடைய தம்பி சார்ல் பெரோ தேவதைக் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்றார். மழைக்கணக்கு எழுதிய அண்ணனை எங்களைப் போன்ற சிலருக்குத்தான் தெரியும்.)

பிறகு வந்தவர்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். அருகருகே இருக்கும், ஒன்றுபோல் தெரியும் இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொள்வது. சில வருடங்கள் இரண்டையும் தொடாமல் அளப்பது. இது இவ்வளவு ஓடினால் அது இவ்வளவு ஓடும் என்ற உறவு கையில் வந்தபிறகு, ஒன்றில் மட்டும் மரங்களை வெட்டுவது. அப்புறமும் அளந்துகொண்டே இருப்பது. கொலராடோவில் வேகன் வீல் கேப் என்ற இடத்தில் 1910இல் இதைத் தொடங்கினார்கள். மரத்தில் கை வைத்தது 1919இல். அளப்பதை நிறுத்தியது 1926இல். வட கரோலினாவின் கோவீட்டாவில் 1934இல் ஆரம்பித்த வேலை இன்னும் நடக்கிறது.

இந்த ஆய்வுகள் சொன்னதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கவில்லை. வேல்ஸில் பிளின்லிமோன் மலையில் இரண்டு ஆறுகள் பக்கத்துப் பக்கத்தில் பிறக்கின்றன. ஸெவர்னின் தலைப்பகுதியில் பெரும்பாலும் நட்டு வளர்த்த காடு, வை ஆற்றின் தலைப்பகுதியில் புல்வெளி. 1960களின் கடைசியிலிருந்து இரண்டையும் அளந்து பார்த்ததில், காட்டிலிருந்து ஆற்றுக்கு வந்த நீர் குறைவு. மரத்தின் தலையில் தங்கும் மழையில் ஒரு பங்கு தரையைத் தொடாமலேயே ஆவியாகிவிடுகிறது. மரம் நட்டால் ஆற்றில் நீர் கூடும் என்று எங்கும் எப்போதும் பொருந்துகிற விதிபோல மேடையில் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. காடு செய்யும் உபகாரங்கள் நிறைய. மண்ணைப் பிடித்து வைக்கும், நீரைத் தெளிவாக வைக்கும். செய்யாத ஒன்றையும் சேர்த்து அதன் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

ஹப்பர்ட் புரூக்கைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1955இல் ஆய்வுக்காடாக ஒதுக்கப்பட்ட இடம் அது. 1963இல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலானவர்கள் அங்கே விழும் மழையிலும் ஓடும் நீரிலும் என்னென்ன கரைந்திருக்கிறது என்று தொடர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். 1965இல் ஒரு நீர்ப்பிடிப்பில் மரங்கள் முழுவதையும் வெட்டி, திரும்ப முளைக்காமல் மருந்தடித்தபோது, அங்கிருந்து வந்த ஓடையில் நைட்ரேட் பல மடங்கு எகிறியது. அது எதிர்பார்த்துத் தேடிய பதில். தேடாமல் கிடைத்தது இன்னொன்று. சேகரித்த மழைநீர் அமிலமாக இருந்தது. அமில மழை என்ற பேச்சு அந்தக் கண்டத்தில் பெரிதாக எழுந்ததற்கு அந்தக் காட்டில் மழைநீர் பிடிக்க வைத்த புனல்களும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி அமில மழைக்குக் கடிவாளம் போட்டபோது, பின்னால் இருந்த சான்றுகளில் அந்த ஓடைகளின் நீண்ட பதிவும் ஒன்று.

இப்போது என் முதல் நியமனக் கடிதத்துக்கு வருவோம். 3 வருட ஒப்பந்தம்.

இந்தத் துறைக்கும் இந்த உத்தியோகத்துக்கும் உள்ள பொருத்தக்கேடு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வறட்சி, பெருவெள்ளம், மரம் வளர்வது, மண் அரிப்பது எதுவும் 3 வருடத்தில் முடிகிற சங்கதி இல்லை. ஆனால் நிதி 3 வருடத்துக்கு. ஆய்வு மாணவர் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கிறவர்கள் எண்ணுவது கட்டுரைகளை. பத்து வருடமாகத் தவறாமல் ஓடையின் நீர்மட்டம் காட்டும் மட்டக்கோலைப் பார்த்தார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. ‘புதுமை’ என்று ஒரு கட்டம் மட்டும் கண்டிப்பாக இருக்கும். பழைய ஓடையைப் பழைய முறையிலேயே அளக்கப்போகிறேன், பழைய முறையை மாற்றாமல் இருப்பதுதான் இதன் மதிப்பே என்பதை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது? எழுத முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் அதே ஓடைக்குப் புதுச் சட்டை தைத்தேன். ஒருமுறை நைட்ரேட், ஒருமுறை காலநிலை மாற்றம், இன்னொருமுறை நுண்நெகிழி. அடியில் ஓடியது அதே அளவீடுதான். இதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, வருத்தம் கிடையாது.

எந்தத் துறையில் உட்காருவது என்பதும் குழப்பமாகவே இருந்தது. முதலில் புவியியல், அப்புறம் சிவில் பொறியியல் கட்டடத்தில் ஓர் அறை, கடைசியில் சுற்றுச்சூழல் என்று புதிதாகப் பெயர் வைத்த துறை. அறைச்சாவி மாறியது, பாடம் மாறவில்லை.

சரி, தப்பின் கதை.

எங்கள் ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னத் தடுப்புச் சுவர். நடுவில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல ஒரு வெட்டு. மேலே தேங்கும் நீர், வெட்டின் அடிமுனைக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று சுவரோரம் நட்ட மட்டக்கோல் காட்டும். அந்த உயரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுவோம். வி வெட்டில் ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்குப்படி மாறும், அதாவது உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேலே போகும். குறைந்த ஓட்டத்தையும் நுட்பமாகப் பிடிக்க அருமையான ஏற்பாடு. ஆனால் கோலின் சுழி, அதாவது பூஜ்யக் குறி, வெட்டின் அடிமுனையோடு சரியான மட்டத்தில் இருந்தாக வேண்டும்.

ஏழாவது வருடம் ஒரு வெள்ளம் கோலைப் பிடுங்கிப் போட்டது. நானும் ஓர் ஆய்வு மாணவரும் போய்த் திரும்ப நட்டோம். இருட்டிக்கொண்டு வந்தது, மட்டம் பார்க்கும் கருவி வண்டியில் இருந்தது, வண்டி மேட்டில் நின்றது. பழைய துளைகளிலேயே திருகி முடுக்கினோம். கருவி வைத்து அடுத்த வாரம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

கோல் 3 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. எனவே ஒவ்வொரு அளவும் 3 சென்டிமீட்டர் கூடுதல். வெள்ளக் காலத்தில் நீர் 40 சென்டிமீட்டர் நிற்கும்போது 43 என்று படித்தால் ஓட்டம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடித் தெரியும், வெள்ளக் கணக்கில் அது கண்ணை உறுத்தாது. கோடையில் 10 நிற்கும்போது 13 என்று படித்தால் கதையே வேறு, ஓட்டம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். எங்கள் தரவில் தெரிந்ததும் அதுதான். வெள்ளங்கள் கிட்டத்தட்ட பழையபடி, கோடை ஓட்டம் மட்டும் அமோகம். அதே சமயத்தில் மேலே ஒரு பகுதியில் மரம் வெட்டியிருந்தார்கள். மரம் குறைந்தால் ஆவியாவது குறையும், ஓடைக்கு வருவது கூடும். வேகன் வீல் கேப் தொடங்கி எத்தனையோ ஆய்வுகள் சொன்னதும் அதைத்தானே? கட்டுரை எழுதினேன். மதிப்பீட்டாளர்கள் நிறுத்தற்குறிகளைத் திருத்தி அனுப்பினார்கள். வெளிவந்தது. நாலு பேர் பாராட்டினார்கள்.

பதினோராவது வருடம் கடும் வறட்சி. ஓடை நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதலாண்டு வகுப்பைக் களத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். வெட்டின் முனையில் நீர் சொட்டிச் சொட்டி, எங்கள் கண்முன்னே நின்றேபோனது. ஓட்டம் சுழி என்பதை நேரில் காட்ட இப்படி ஒரு நாள் கிடைக்காது என்று நான் பரவசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கை தூக்கினாள். "மேடம், தண்ணி போகலைன்னா கோல் ஏன் மூணு காட்டுது?"

அங்கே நின்ற இருபது பேரில் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று தெரிந்தது எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான். "நல்ல கேள்வி, பார்த்துச் சொல்கிறேன்" என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வயிறு கலங்கியது.

அந்த நாலு வருடத்தில் கோலுக்குப் பக்கத்தில், நீரின் அழுத்தத்தை வைத்து உயரத்தைத் தானாகப் பதியும் அழுத்த உணரியும் வைத்திருந்தோமே, அது காட்டிக் கொடுத்திருக்க வேண்டாமா என்று துறைக்காரர்கள் கேட்பார்கள். கேட்டார்கள். உணரியை ஒவ்வொரு மாதமும் அந்தக் கோலைப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு பொய்க்கு இன்னொன்று சாட்சி.

திருத்தக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அச்சில் அரைப் பக்கம் வந்தது. அதைப் படித்தவர்கள் சொற்பம். மூலக் கட்டுரையை இன்றும் எங்காவது யாராவது மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் மின்னஞ்சல் எழுதிச் சொல்லிப் பார்த்தேன், ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் பாடம் மாறியது. அதுவரை நான் சுமாரான ஆசிரியர்தான். கரும்பலகையில் டார்சி, மானிங், ஹார்ட்டன் என்று நீரின் போக்கைக் கணக்கிட்டவர்களின் சமன்பாடுகளை வரிசையாக எழுதுவேன், மாணவர்கள் வரிசையாக எழுதிக்கொள்வார்கள். ஹென்றி டார்சி 1856இல் மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்து கண்டதை நான் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவேன். ஒரு வாளியும் மணலும் இருந்தால் அதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

பிறகு முதல் வகுப்பை வரைபடத்தோடு தொடங்கினேன். சமவுயரக் கோடுகள் போட்ட தாளைக் கொடுத்து, ஓடையில் ஒரு புள்ளியைக் குறித்து, "இதற்கு நீர் தரும் நிலத்துக்கு எல்லை போடு" என்பேன். வேறு விளக்கம் கிடையாது. எல்லாரும் செய்யும் முதல் தப்பு, எல்லைக்கோடு ஓடையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எல்லைக்கோடு ஓடையைத் தொடலாம் என்றால் அது குறித்த அந்தப் புள்ளியில் மட்டும்தான். இரண்டாவது தப்பு, பள்ளத்தையும் மேட்டையும் மாற்றிப் படிப்பது. பள்ளத்தில் சமவுயரக் கோடுகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும், மேட்டு முதுகில் கீழ்நோக்கி. ஒன்றரை மணி நேரம் அழித்து அழித்து வரைந்து தாள் கிழிந்துவிடும். அதற்குள் அவர்களுக்கு மேட்டைப் பார்க்கிற கண் வந்திருக்கும். கணினி இந்த எல்லையை நொடியில் போட்டுத் தரும். போட்டது சரியா என்று பார்க்கத் தெரிய வேண்டுமே.

களத்தில் ஆரஞ்சுப் பழத்தை ஓடையில் விட்டு வேகம் பார்ப்போம். முக்கால்வாசி முங்கியே மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம் சுமாராக வரும். கல்லைப் புரட்டிப் பார்ப்பதும் உண்டு. எண்களைக் கண்டாலே கொட்டாவி விடுகிற பையன்கூட, கல்லின் அடியில் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இளவுயிரிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நகரமாட்டான். மாசைத் தாங்காத பூச்சிகள் அவை, இருந்தால் நீர் நன்றாக இருக்கிறது என்று பொருள். அரை மணி நேரச் சோதனைக்கு வரும் நீர் அந்த நிமிடத்து நீர், பூச்சி அங்கே மாதக்கணக்கில் குடியிருக்கிறது என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த பயிற்சி வேறு. என்னுடைய அந்தத் தப்பான தரவை, ஒன்றும் சொல்லாமல், மரம் வெட்டிய தேதியையும் வெள்ளம் வந்த தேதியையும் சேர்த்து மாணவர்களிடம் கொடுப்பேன். கோடை ஓட்டம் ஏன் கூடியது என்று விளக்கச் சொல்வேன். வருடா வருடம் பெரும்பாலானவர்கள் மரம் வெட்டியதைத்தான் சொல்கிறார்கள், அழகாக, ஆதாரங்களோடு. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் விழுகிறார்கள், அவர்களுக்குத்தான் பழைய ஆய்வுகள் தெரியும். எப்போதாவது ஒருவர் மட்டும் "வெள்ளத்துக்கப்புறம் கோலை யாராவது தொட்டாங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்கு அந்தப் பருவம் முழுவதற்கும் போதும்.

1977இல் திபிலிசியில் நடந்த சுற்றுச்சூழல் கல்வி மாநாடு ஐந்து நோக்கங்களை வைத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. எங்கள் தேர்வுத்தாள் அளப்பது இரண்டாவதை மட்டும், அதையும் அரைகுறையாக. விழிப்புணர்வு என்ற பெயரில் சுவரொட்டி வரையச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. நீரைக் காப்போம் என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தன் காலடி நீர் எந்த ஓடைக்குப் போகிறது என்று தெரியாமல் இருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். என் சகா ஒருவர் இதில் என்னோடு ஒத்துப்போகமாட்டார். மனம் இளகாமல் கருவியைக் கையில் எடுக்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர்கள் என்னுடையவர்களைவிட அதிகம் பேர் இந்தத் துறையில் தங்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் எப்போதும் எடுபடுகிற செய்தி ஒன்று உண்டு. பெருமழைக்குப் பின் ஓடை பொங்கி வரும்போது, ஓடுவது இப்போது பெய்த மழை என்றுதான் யாரும் நினைப்போம். நீர் மூலக்கூறில் இருக்கும் கனமான ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை (அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்களை) வைத்து மழைநீருக்கும் நிலத்து நீருக்கும் அடையாளம் பிரிக்க முடிந்தபோது, 1970களில், வேறொன்று தெரியவந்தது. ஈரமான காட்டு நீர்ப்பிடிப்புகள் பலவற்றில் வெள்ளத்தில் பாதிக்கு மேல் பழைய நீர், மழைக்கு முன்பே மண்ணுக்குள் இருந்தது. புது மழை உள்ளே போய்ப் பழையதை வெளியே தள்ளுகிறது. என் பணி நிறைவு விழாவில் ஒருவர் இதை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் சொன்னது மாணவர் மனதில் ஊறிக் கிடந்து என்றோ ஒருநாள் வெளிவரும் என்று உவமை சொன்னார். கைதட்டல். எனக்கு நெளிவாக இருந்தது. தேநீர் வேளையில் அவரிடம், மாதக்கணக்கில் மெல்ல ஊர்ந்த நீர் சில மணி நேரத்தில் எப்படி அவ்வளவு விரைவாக வெளியே வருகிறது என்பது இன்னும் முழுசாகத் தீராத கேள்வி என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் போய்விட்டார்.

ஓடையை ஒப்படைக்கக் கடைசியாகப் போனது ஒரு காலை நேரம். பொறுப்பெடுத்துக்கொண்டவர் இளம் விரிவுரையாளர், ஒப்பந்தம் அவருக்கும் 3 வருடம்தான். முதலில் மட்டம் பார்க்கும் கருவியை வண்டியிலிருந்து இறக்கினோம். பாறையில் பதித்த குறியிலிருந்து கோலின் சுழிவரை இரண்டு முறை பார்த்து, சரி என்று குறித்தோம். பிறகு நான் குனிந்து கோலைப் படித்தேன், 42. நீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவரும் குனிந்தார். "எனக்கு நாற்பத்தொன்றரை தெரியுது மேடம்" என்றார் தயங்கி. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த நீர்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, இரண்டு எண்ணையும் எழுதினார்.